வான்கோழியின் இடது இறக்கை

மடுல்சீமை மலைகளில், சூரியன் கிழக்கில் உதிப்பதைக்கூட விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறார். லயத்தில் எல்லோருக்கும் அவர் ‘இறகுக்காரர்’. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே சுவர். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் இரண்டு தடவை தும்மினால், “மாஸ்டர், அது தும்மலா, யாருக்காச்சும் சிக்னலா?” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

பகலில் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மாலையில் அம்பு செய்வார். எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில், வெள்ளைக்காரர்கள் குறிபார்த்து விளையாட அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். தொழிலை ஃபோனில் வீடியோ பார்த்துத்தான் படித்தார். பார்க்கும்போது கேமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்.

“நாம அவன பாக்குறோம். அவன் நம்மள பாக்கலன்னு யாரு சொன்னா?”

பதுளைக் கோழிக்கடையில் வான்கோழி வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் முதல் பஸ்ஸில் போய்விடுவார். இறக்கையின் பெரிய இறகுகளைக் கொண்டுவந்து சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவார். நசுங்கிய இறகைத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டினால் அது சோம்பல் முறித்ததுபோல நிமிரும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, தண்டை நீளவாக்கில் பிளந்து, அடிப்பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கி, அளவாகக் கத்தரித்து, அம்பின் வாலில் ஒட்டிச் சிவப்பு நூலால் சுற்றுவார்.

“கறுப்பு எறகு, செவப்பு நூலு, சாத்துன கதவு. சூனியம் இல்லாம வேற என்ன?” என்றாள் கோடிக் காம்பராச் செல்லம்மா. லயம் அதை உடனே நம்பியது.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு. வலது இறக்கையின் இறகுகளை மட்டும்தான் வாங்குவார். இரண்டு பக்கத்து இறகுகளும் எதிரெதிராக வளைந்தவை; ஒரே அம்பில் கலந்தால் அம்பு தள்ளாடும். அதனால் இடது இறகு ஒன்று வாசல் தாண்டினாலே வீட்டுக்குள் பாம்பு வந்ததுபோலப் பதறுவார்.

கிறிஸ்மஸுக்கு விற்பதற்காகச் செல்லம்மா ஒரு வான்கோழி வளர்த்தாள். ஒரு நாள் காலையில் அது ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றது. இடது இறக்கையில் பெரிய இறகு ஒன்றுகூட இல்லை.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. “இவர காம்பராவ விட்டு எழுப்பணும். இன்னிக்கு கோழி, நாளைக்கு நம்ம தலமுடி” என்றாள் செல்லம்மா. பல பேர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத் தலைவரும், “மேனேஜர் தொரகிட்ட சொல்லிற வேண்டியதுதான்” என்றார்.

இறகுக்காரர் இறகு போட்டு வைக்கும் தன் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் கவிழ்த்தார். “இதுல ஒரு எடது எறகு காட்டுங்க. நானே பெட்டிய கட்டிட்டு போயிர்றேன்.”

“எது எடதுன்னு எப்படிங்க தெரியும்?” என்றார் தலைவர்.

நுனியை மேலே பிடித்து, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு இறகைப் பிடித்துக்கொண்டு லயமே கழுத்தைச் சாய்த்து நின்றது. டின்னில் இருந்த அத்தனையும் வலது.

“அப்ப வேற எவனோ எடுத்திருக்கான்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். “மாஸ்டர் வீட்டுத் தலகாணி இப்பல்லாம் கொஞ்சம் உப்பலாத்தான் இருக்கு” என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

இறகுக்காரர் வான்கோழியைப் பிடித்து இறக்கையை விரித்தார். இறகின் அடிக்கட்டைகள் வரிசையாக, ஒரே மட்டத்தில் நின்றன. பிடுங்கியதல்ல, கத்திரிக்கோலால் வெட்டியது. ஒரு பக்கம் வெட்டிவிட்டால் கோழியால் பறக்க முடியாது. அந்தக் கோழி வேலி தாண்டிப் பறந்துபோய்த் தலைவரின் போஞ்சிக் கொடிகளை மேய்ந்ததும், அதற்காகத் தலைவரிடம் ஒருவர் திட்டு வாங்கியதும் எனக்கும் தெரியும். திட்டு வாங்கியவர் செல்லம்மாவின் புருசன் முனியாண்டி. இறகுக்காரரின் பார்வை கூட்டத்தைச் சுற்றி வந்து முனியாண்டியிடம் நின்றது. அந்தக் குளிரிலும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எவன்னு மட்டும் சொல்லுங்க. அவன் இந்த சென்மத்துல நிம்மதியா சோறு திங்க முடியாது” என்றாள் செல்லம்மா.

ஊரையே சந்தேகப்பட்ட மனிதரின் கையில், முதல் தடவையாக, ஒரு நிஜமான குற்றவாளி அகப்பட்டிருந்தார்.

“கீரி” என்றார் இறகுக்காரர்.

“கீரியா?”

“கீரிப் பல்லு கத்திரிக்கோலு மாதிரிங்க.”

ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் இறகுக்காரரே சந்தேகப்படாத ஒன்றை மற்றவர்கள் எப்படிச் சந்தேகப்படுவது? கூட்டம் கலைந்தது.

சாயந்திரம் சுவர் வழியாகக் கேட்டேன். “ஏண்ணே, கீரின்னு சொன்னீங்க?”

“பொண்டாட்டிக்குப் பயந்து நின்னான் பாருங்க மாஸ்டர், அந்த மூஞ்சி. அது நெசம். அதுல மட்டும் எனக்கு சந்தேகமே வரல.”

போன வாரம், கொஸ்லந்தையில் இருக்கும் அக்காவுக்குச் சுகமில்லை என்று புறப்பட்டார். வாசலில் நின்று யோசித்துவிட்டு, காம்பராச் சாவியை என் கையில் வைத்தார். “மழ வந்தா கூர ஒழுகும். எறகு டின்ன கொஞ்சம் தள்ளி வச்சிருங்க.” அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மழை இன்னும் வரவில்லை. நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.