பதினாறாம் பங்கும் என் மானமும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுத மாட்டேன். உங்கள் தங்கை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள். இதைப் பெண் கொடுத்த வீட்டில் சொல்லாமல் வேறெங்கே போய்ச் சொல்வேன்?

நாங்கள் இருவரும் நாலாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தது உங்களுக்குத் தெரியும். அந்த வாசிப்புக் குழுவையும் மறந்திருக்க மாட்டீர்கள். குழுவில் பதினாறு பேர், புத்தகமோ ஒன்று. டீச்சர் என்ன செய்வார், தையலைப் பிரித்துப் புத்தகத்தைப் பதினாறு பங்காக்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, உட்காரும் வரிசைப்படி ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வரிசையாக எழுந்து அவரவர் பங்கைச் சொல்ல வேண்டும். எனக்கு எப்போதும் ஏழாம் பங்கு. மச்சான், ஏழாம் பங்கில் ஒரு மண்ணும் நடக்காது. யாரும் பிறக்க மாட்டார்கள், சாக மாட்டார்கள், ராஜா தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார். உங்கள் தங்கைக்குப் பதினாறாம் பங்கு, கொடுத்துவைத்தவள். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடகடவென்று சொல்லி முடிப்பாள். கட்டினால் இந்தப் படிப்பாளியைத்தான் கட்டுவேன் என்று பிற்பாடு நான் ஒற்றைக்காலில் நின்றது அதனால்தான்.

ஒரே ஒரு கதையில் எனக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. என் பங்கில் ஒரு படகுக்காரன், அக்கரையில் சிக்கிக்கொண்ட மகளைக் கூட்டிவர வெள்ளத்தில் படகை இறக்குகிறான். வகுப்பே மூச்சு விடவில்லை. பதினைந்தாம் பங்கில் படகு மட்டும் காலியாகக் கரையொதுங்குகிறது. அடுத்தது பதினாறு. உங்கள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முழுப்பரீட்சை லீவு, டீச்சருக்கும் மாற்றல், போச்சு! ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த மனுஷன் பிழைத்தானா செத்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ‘மறந்துபோச்சு’ என்பாள். எதிர்வீட்டுக்காரி இருபது வருஷத்துக்கு முன் வாங்கித் திருப்பித் தராத டம்ளர் மட்டும் மறக்கவில்லை!

போன வாரம் பேத்தியின் பள்ளியில், தாத்தா பாட்டிகள் வந்து சின்ன வயதில் படித்த கதையைச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் படகுக்காரனைச் சொன்னேன். காலிப் படகு வரைக்கும் வந்தேன், அதற்குமேல் எனக்கே தெரியாதே. “அவர் திரும்பி வந்தாரா தாத்தா?” என்றது முதல் பெஞ்சில் ஒரு வாண்டு. “இதோ இந்தப் பாட்டிக்குத்தான் தெரியும், கேளுங்க” என்றேன். உங்கள் தங்கை கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். “தாத்தா சும்மா கதை விடுறாரு!” என்று ஒரே கூச்சல். பேத்தி அழுதேவிட்டாள். நாளைக்குள் முடிவைக் கொண்டுவந்து சொல்லாவிட்டால் என்னோடு பேசவே மாட்டாளாம்.

இன்று காலை பரணில் ஏறி உங்கள் தங்கையின் தகரப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் பழுப்பு அட்டை, சிவப்பு மையில் பதினாறு! எடுத்துப் பிரிப்பதற்குள் ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

“அதை வச்சிட்டு இறங்குங்க.”

“இது என்னன்னு முதல்ல சொல்லு.”

“இறங்குங்கன்னு சொல்றேன்ல?”

பிடுங்கிக்கொண்டு போய் அறையைச் சாத்திக்கொண்டாள். மதியச் சாப்பாட்டை நானே போட்டுத் தின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளை நாலு வார்த்தை கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, உங்கள் தங்கைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வயிறெரியும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கதவைத் திறந்தாள். அழுத முகம். நாலாம் வகுப்பில் அவளுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராதாமே! வாராவாரம் நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்களாம், காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பாளாம். அந்த வாரம் மட்டும் நீங்கள் பந்து விளையாடப் போய்விட்டீர்களாம். “அடுத்த வருஷமே படிக்கக் கத்துக்கிட்டேன். ஆனா படிப்பாளி படிப்பாளின்னு ஊரெல்லாம் சொல்லிக் கட்டிக்கிட்டீங்களே, அப்புறம் எந்த வாயால சொல்றது?” என்றாள். ஆகவே, மேலே அவளைப் பற்றி எழுதிய அத்தனையையும் உங்களைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொள்ளவும். படகுக்காரன் மகளை முதுகில் சுமந்து நீந்திக் கரையேறிவிட்டான். நாளை பள்ளியில் பதினாறாம் பங்கை உங்கள் தங்கையே வாசிக்கப் போகிறாள். நீங்கள் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.