நாலு நட்சத்திரமும் வராத படகும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் உடம்பளவில் சுகம். என் முட்டிவலிகூட இந்த வாரம் என்னை மறந்துவிட்டது. மற்றபடி வீடு வீடாக இல்லை. இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் என் போனை என் வீட்டுக்காரி பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஏன் பூட்டினாள் என்பது கீழே வருகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய் என் மகன் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் மகளும் என் மகனும் பழகியதே வீடியோ கேமில் வரும் பாட்டால்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும். கல்யாணத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் “நண்பர்கள் மூலமா” என்று சொல்லிச் சமாளித்தோம், அது வேறு விஷயம். இவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் ஏதாவது ஒரு கேமிலிருந்து தனக்குப் பிடித்த இசையைப் போடுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மார்க் போட்டு, ஏன் என்றும் இரண்டு வரி எழுதுவார்கள். யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஒருவர் பெயர் அரைத்தூக்க டிராகன், இன்னொருவர் பழைய சார்ஜர். இந்தக் கூட்டத்தில்தான் என் மகன் ஏதோ மழைக்காட்டு இசையைப் போட, உங்கள் மகள் ஒன்பது நட்சத்திரம் கொடுத்து ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கமும் எழுதினாள். அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் நீங்களும் நானும் சம்பந்திகள் ஆனோம். கல்யாணமாகி வந்த பிறகு மருமகளே என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். “சும்மா கேளுங்க மாமா, மார்க் எல்லாம் போட வேணாம்” என்றாள். நானும் சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு என் மகன் முறை. வருஷக்கணக்காக யாருக்கும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றைப் போட்டான். ஒரு தீவு, அதில் படகுக்குக் காத்திருக்கும் அறை. ஒரு பெஞ்சு, நனைந்த குடை, ஓடாத கடிகாரம், அவ்வளவுதான். அந்த அறைக்கு வரும் இசை. முதலில் யாரோ பொறுமையில்லாமல் மேசையை விரலால் தட்டுவது போல ஒரு சத்தம். பிறகு பியானோ மெதுவாக நாலடி முன்னே வரும், எதையோ மறந்துவிட்டாற்போல் திரும்பிப் போகும், மறுபடி வரும். அடியில் அவன் எழுதியிருந்தான்: “வேலை கிடைக்காத அந்த வருஷம் பூரா நான் இந்த ரூம்லதான் உட்கார்ந்திருந்தேன். இது இல்லேன்னா என்ன ஆயிருப்பேன்னு தெரியல.” சம்பந்தி, அந்த வருஷம் நான் அவன் கதவுக்கு வெளியே நின்று “விளையாட்டு, எந்நேரமும் விளையாட்டு” என்று கத்தாத நாளே கிடையாது. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அப்படிப்பட்ட இசைக்கு உங்கள் மகள் போட்ட மார்க், பத்துக்கு நாலு. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் ஏழு, எட்டு, பழைய சார்ஜர் அழுதுகொண்டே ஒன்பது. கட்டிய மனைவி நாலு!

நான் பாட்டுக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடித்துவிட்டுத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து “நாலா?” என்று ஒரு சத்தம். ஓடினேன். அவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இவள் பரிசோதனைக் கூடத்து வேலைக்கான கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“என்ன இது, நாலு?”

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “கை பட்டுருச்சு, விடுங்க” என்றாள்.

“கை பட்டா ஒண்ணுல படும், பத்துல படும். கரெக்டா நாலுல படுமா?”

“பட்டுருச்சுன்னா விடுங்களேன்.”

“பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு. பொய் சொல்லாத.”

“சரி, நாலுதான். போதுமா?”

முடிந்தது கதை. போட்ட மார்க்கை மாற்றக்கூடாது, பிற்பாடு சாக்குச் சொல்லக்கூடாது என்று குழுவுக்குச் சட்டம் போட்டவனே என் மகன்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எனக்குத்தான் வேலை. “அப்பா, அவ சாவிய எங்க வெச்சான்னு கேளுங்க.” “மாமா, ஆணியில தொங்குதுன்னு சொல்லுங்க.” இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டுதான் இப்படி. காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தவன், ஓய்வு பெற்ற பிறகு நானே லிஃப்ட் ஆகிவிட்டேன்.

தப்பாக நினைக்கக்கூடாது, மனசில் பட்டதைச் சொல்கிறேன். இந்த மார்க் கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். தாங்கள் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தும் அடிக்கோடு போடாததற்கு அரை மார்க் குறைத்தேன் என்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பெருமையாகச் சொன்னீர்கள். அந்த மாணவன் இப்போது பெரிய பொறியாளர் என்றும் சொன்னீர்கள். அரை மார்க்கால்தான் அவன் பொறியாளர் ஆனான் என்பது போல! அந்த ரத்தம்தான் இங்கே வந்து நாலு போட்டிருக்கிறது. வேறெப்படி?

நானும் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். ஆளாளுக்குக் கூடுதல் மார்க் போட்டால் சராசரி ஏறிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா “பகல் பூரா ஒரே பாட்டு, என்னங்க இது?” என்று சண்டைக்கு வந்தார்கள். உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். கோபம் போய், “ஏழு போடலாம்” என்றார்கள். பார்சல் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கும்முன் எட்டு போட்டார். ஆனால் இவர்கள் யாரும் குழுவில் இல்லையே! சரி, நானே பத்து போடுவோம் என்று என் போனை எடுத்தேன். அதில் எதையோ அழுத்தினால் நட்சத்திரம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒலிவாங்கி. அது தெரியாமல் நான் அந்தப் படகு இசையை முணுமுணுத்துக்கொண்டே, “இவங்களுக்கெல்லாம் காது இருக்கா இல்லையா” என்று புலம்பிக்கொண்டே பொத்தானைத் தேடியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி “ஏங்க, குக்கர் எத்தன விசில்?” என்று கத்தியிருக்கிறாள். குக்கரும் அதே நேரத்தில் விசில் அடித்திருக்கிறது. எல்லாம் பதிவாகிக் குழுவுக்குப் போய்விட்டது.

அவர்கள் அதையும் ஏதோ கேமிலிருந்து வந்த இசை என்று நினைத்துவிட்டார்கள், சம்பந்தி! “கடைக்காரத் தாத்தா குரல் பிரமாதம்” என்று ஒருவர். “எந்த கேம் இது?” என்று ஒருவர். “விசில் வர்ற இடத்துல புல்லரிச்சிருச்சு” என்று அரைத்தூக்க டிராகன். சராசரி எட்டரை! என் மகனின் உயிரான இசையை அவன் அப்பாவின் புலம்பல் முந்திவிட்டது. அவன் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான். அன்றுதான் என் போன் பீரோவுக்குள் போனது.

அவன் பார்வைக்கு நான் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் உண்டு. தாங்கள் அறியாதது. கல்யாணத்துக்கு முந்தி அவனுடைய கேம் பெட்டியைத் தூசி தட்டினேன். லிஃப்ட்காரன் பொத்தான் பலகையைத் துடைக்கும்போது இடது ஓரத்திலிருந்து விரலை எடுக்காமல் துணியோடு அழுத்திக்கொண்டே போவான். துடைத்த மாதிரியும் ஆச்சு, பொத்தான் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த மாதிரியும் ஆச்சு. அது தொழில் சுத்தம். அந்த அழுத்தலில் அவன் மாசக்கணக்காக ஆடிச் சேமித்து வைத்திருந்தது எல்லாம் அழிந்துவிட்டதாம். பெட்டி மட்டமான பெட்டி, நான் என்ன செய்ய? ஆனால் அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் பேசவில்லை. வந்த புதிதில் உங்கள் மகள்தான் இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துச் சிரிக்க வைத்தாள். அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இவ்வளவு ஆதங்கம். இனி அடுத்தவர் திரை எதையும் தொடக்கூடாது என்று எனக்கு ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.

கடைசி முயற்சியாக, அந்த இசையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே கேமை ஆடிப் பார்த்தேன். ஹால் டிவியில், என் வீட்டுக்காரி காவலுக்குப் பக்கத்தில் நிற்க. படகு அறைக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இசை வந்தது. விரல் தட்டல், பியானோ, நாலடி வரும், திரும்பிப் போகும். படகு வரும் வரும் என்று பார்க்கிறேன், வரவே இல்லை. இவள் துணி மடித்து முடித்தாள், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள், நான் அதே பெஞ்சில். கால் மரத்துப்போனது. தண்ணீர் குடிக்க வந்த மகன் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“எப்பப்பா வரும் படகு?” என்று கேட்டேன்.

“வராது.”

“பாட்டாவது முடியுமா?”

“முடியாது. சுத்திக்கிட்டே இருக்கும். அங்க மூலையில ஒரு மணி இருக்கு பாருங்க. நீங்க எந்திரிச்சுப் போய் அடிச்சாத்தான் படகு வரும்.”

“நீ அந்த ஒரு வருஷமும் அடிக்கலியா?”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அதே இசை. இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பேனாவே அந்தத் தாளத்துக்குத்தான் ஓடுகிறது.

ஆகவே விஷயம் இதுதான். உங்கள் மகள் நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறாள். “கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் மாமா” என்கிறாள். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது, கூடத்தில் நிற்கிறது, அதைத் தாண்டித்தான் நான் கழிவறைக்கே போகிறேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டோம், எனக்கு நன்றாகத் தெரியும். அவள் வருவதற்குள் கிடைக்க வேண்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தாங்கள் அப்பா என்ற முறையிலும், பிழை செய்த வாத்தியார் என்ற முறையிலும் அவளை உட்கார வைத்து, நாலு தப்பு என்று எடுத்துச் சொல்லி, ஒரு மன்னிப்பு கேட்கச் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். வளர்ப்பு சரியில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி இருந்தால் அது என் கோபமே தவிர நானில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இங்கே இவளும் உங்கள் இருவரையும் விசாரித்தாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மூட்டுக்கு எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த,
தங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன். ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். கூரியர்காரருக்குக் காத்திருந்த நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். மருமகளின் அந்தப் பெரிய திரை, டேப் என்கிறார்களே, அது மேசைமேல் திறந்து கிடந்தது. தூசியாக இருந்தது. தூசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. இடது ஓரத்திலிருந்து வழக்கம்போல் துணியோடு ஒரு அழுத்து. துணிக்கு அடியில் ஒரு நட்சத்திரம் மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. அடுத்தது. அடுத்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்தேன். இந்த வாரம் அரைத்தூக்க டிராகன் போட்டிருந்த இசைக்கு மூன்று மார்க் பதிவாகிவிட்டது.

சம்பந்தி, போன ஞாயிறு மேசையோடு சேர்த்து இதே திரையையும் துடைத்தேன், நாலாவது நட்சத்திரத்தின் இடத்தில் ஒரு காப்பிக் கறை இருந்தது. அது போகும்வரை தேய்த்துவிட்டுத்தான் விரலை எடுத்தேன். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. திரும்பிப் பார்த்தால் உங்கள் மகள் நிற்கிறாள்.

“நீதான் போட்டேன்னு ஏம்மா சொன்ன?”

“மெதுவா பேசுங்க மாமா. அவருக்குத் தெரிஞ்சா போன தடவ மாதிரி உங்ககூட பேசாம இருந்துருவாரு. என்கூடன்னா ஒரு வாரத்துல சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல. ஊருக்குப் போனாலாவது ஆகும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை, சொல்கிறேன். “நீயா போட்டிருந்தா எவ்வளவும்மா போட்டிருப்ப?” என்று கேட்டேன்.

“எட்டரை. அரை நட்சத்திரம் போட வழி இல்ல. எட்டா ஒம்பதான்னு யோசிச்சுக்கிட்டே மேசையில வெச்சுட்டு இஸ்திரி போடப் போனேன்.”

அரை மார்க்! ஆக, தப்பில் பாதி தங்களுடையதுதான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றபடி மேலே எழுதிய வளர்ப்பு, ரத்தம், வாத்தியார் எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். இப்படி ஒரு பெண்ணை வளர்த்ததற்கு உங்களுக்கு எத்தனை மார்க் போட்டாலும் தகும்.

அந்தப் படகு இசை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணியை நான்தான் எழுந்துபோய் அடிக்க வேண்டும். போய் அவன் கதவைத் தட்டப்போகிறேன். இந்த உறையை என் வீட்டுக்காரி ஒட்டிக் கொடுத்துவிடுவாள். நாளை மறுநாள் வண்டியில் ஒருவர் இறங்குவது நிச்சயம், பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. இறங்குவது உங்கள் மகளாக இல்லாமல் நானாக இருந்தால், மாடியறையைக் கொஞ்சம் ஒழித்து வைக்கவும்.