வியாழக்கிழமை, தெற்கே சூலம்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மச்சினன் மோகனசுந்தரத்துக்கு, சுவிட்சர்லாந்து தேசத்திலிருந்து மாமன் மாரப்பன் சொல்லி எழுதுவது. நீயும் கோமதியும், மாடு கன்றும், உன்னை நம்பி விட்டுவந்த என் தென்னைகளும் சுகமாய் இருக்க மாரியாத்தா துணை. நாங்கள் இங்கே சுகமா என்பதை முழுக்கப் படித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள்ளவும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது நீ அறிந்ததே. சொல்வது நான், எழுதுவது உன் அக்கா மயிலாத்தாள். குத்தம் செஞ்சவங்க கையாலயே குத்தத்த எழுதி வாங்கற ஏற்பாடு. ஒரு எழுத்து கூட்டக் கொறைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். போன்லயே சொல்லலாம், பாதியில நீ "அக்கா செஞ்சா சரியாத்தானுங்க மாமா இருக்கும்"னு கட் பண்ணிருவ. இங்க வேலை பாக்கற என் மகள் செல்வப்பிரியா இதப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவா.

புதன்கிழமை ஒரு ஏரிக்கரை ஊர்ல இருந்தோம். மகள் செல்வப்பிரியா வேலை முடிஞ்சு நேரா அடுத்த ஊருக்கு வர்றதாவும், நாங்க ரெண்டு பேரும் வியாழக்கிழமை காலைல ஒம்பது மணி ரயில்ல அங்க வந்து சேரோணும்னும் ஏற்பாடு. அந்த ஊரு எந்தத் திசையில இருக்குதுன்னு ஹோட்டல் புள்ளைக்கே தெரியல, உன் அக்கா சூரியனைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா. தெக்க. வியாழக்கிழமை தெக்க சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாதுன்னா. டிக்கெட்ட மாத்த முடியாதுன்னேன். சரின்னுட்டா. அவ சரின்னதும் நான் பயந்திருக்கோணும்.

நம்மூர்ல செய்யறதுதான். ஆகாத நாள்ல பயணம்னா, முந்தின நாளே நல்ல நேரம் பாத்து நம்ம சாமான் ஒண்ண அடுத்த ஊட்டுல வெச்சுட்டா அப்பவே கெளம்பினதாக் கணக்கு. எண்பத்தாறுல உனக்குப் பொண்ணு பாக்கப் போடிமெட்டுக்குக் கெளம்பினமே, அன்னிக்கும் வியாழக்கிழமைதான். என்ற ஒரே நல்ல சட்டைய உன் அக்கா எதிர் ஊட்டுல வெச்சா. அவங்க விடியறதுக்குள்ள ஊட்டப் பூட்டிட்டுப் பழனிக்குப் போயிட்டாங்க. நான் பனியனோட வந்தேன். பொண்ணு ஊட்டுக்காரங்க டிரைவர்னு நெனச்சு எனக்கு ஜீப்புலயே காப்பி குடுத்தாங்க. கோமதியக் கேளு, கொண்டுவந்து குடுத்தவளே அவதான்.

அதே புத்தி இங்கயும். புதன்கிழமை பொழுதோட நான் சித்தெ கண்ணசந்த நேரத்துல, மஞ்சப்பைய எடுத்துட்டுப் போயி எதிர் ஊட்டுப் படியில பூந்தொட்டிக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டா. பைக்குள்ள என்னன்னு நெனக்கற? ஒரு மஞ்சத்துண்டு, துணியில முடிஞ்ச ஒத்த ரூவா, அப்புறம் எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டு. "போட்டோ இருக்குதல்லங்க, நாமளே போனாப்புல"ன்னா. இந்த யோசனை வேற எவளுக்கு வரும்?

காலைல எட்டு மணிக்குப் போனா பூந்தொட்டிதான் இருக்குது. பாஸ்போர்ட்டு போனா ஊரு திரும்ப முடியாது மாப்ள. ஹோட்டல் புள்ளையக் கூட்டிட்டுப் போயிக் கதவத் தட்டினேன். எதிர் ஊட்டு வெள்ளைக்காரப் பாட்டி நேர்மையானவங்க, எடுத்துட்டுப் போயிப் போலீசுல குடுத்துட்டாங்களாம். நம்மூரா இருந்தா பக்கத்து ஊட்டோட முடிஞ்சிருக்கும். அங்க போனா ஆபீசரு பைய மேசைமேல பரப்பி வெச்சுக்கிட்டு மஞ்சத்துண்ட மோந்து பாக்கறாரு. செல்வப்பிரியாவுக்குப் போன் போட்டுக் குடுத்தோம். பாஸ்போர்ட்ட எதுக்கு அடுத்தவங்க படியில வெச்சீங்கன்னு கேக்கறாங்கம்மா, என்னன்னு சொல்லட்டும்னு அழுவாத கொறையாக் கேட்டா.

"உள்ளதச் சொல்லு கண்ணு. வியாழக்கிழமை தெக்க சூலம்னு சொல்லு"ன்னா உன் அக்கா.

அந்த மனுசன் சிரிக்காம முழுசும் எழுதிக்கிட்டாரு. எழுதி முடிக்கறதுக்குள்ள ஒம்பது மணி ரயிலு போயிருச்சு.

பதினொரு மணி ரயில்ல ஏறினோம். வெளிய மலை, அருவி, பசு மாடு. பெட்டியில எல்லாரும் சன்னல்ல ஒட்டிக்கிட்டாங்க. உன் அக்கா பைய மடியில கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டா. நான் பைக்குக் காவலா அவளப் பாத்துக்கிட்டு வந்தேன். நம்ம வட்டவடைக்கு ஜீப்புல போயிருந்தா இதே மலை, இதே குளுரு, கூட ரெண்டு கிலோ கேரட்டும் கெடைச்சிருக்கும்னேன். "பத்திரமா வந்து சேந்தமல்லங்க, அது எதனாலயாம்?"னு கேக்கறா.

நான் சொல்றது வாய்க்குள்ளயே கொழகொழங்குதுன்னு எழுதறவ இப்ப நொட்டை சொல்றா. குளுருல நாக்கு மரத்திருக்கும். நீ எழுது.

மாப்ள, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குத் திங்கக்கிழமை, கெழக்க பாத்துப் பிளேன். அதுக்கும் சூலம்னு சொல்லுவா. இதப் படிச்சதும் போன் போட்டு, எந்தச் சாமானையும் எவன் வாசல்லயும் வெக்கக் கூடாதுன்னு உன் அக்காகிட்டக் கண்டிசனாச் சொல்லோணும். எனக்கு இந்தச் சூலத்துல எல்லாம் எள்ளளவும் நம்பிக்கை கெடையாது.

நீயும் கோமதியும் பதினாறும் பெற்று, என் தென்னைக்குத் தண்ணியும் விட்டு, நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாரப்பன் (கைநாட்டு)

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு எழுத்தும் மாத்தல. உன் மாமன் கைநாட்டு வெச்சதும் தண்ணி குடுத்தேன், அப்பத்தான் வாயைக் கவனிச்சேன். மேல்வரிசைப் பல்செட்டக் காணோம். பிளேன்ல ஏறப் பயம் போலிருக்குது, காலைலயே எனக்குத் தெரியாம ஒரு டம்ளர்ல போட்டு எதிர் ரூம் வாசல்ல வெச்சிருக்காரு. அந்த ரூம் அம்மா அலறிப்போய் ஹோட்டல் ஆபீசுல குடுத்துட்டாங்களாம். செல்வப்பிரியா இப்பப் போன்ல அவங்களோட பேசிக்கிட்டிருக்கா. எதுக்கு வெச்சாருன்னு கேக்கறாங்கம்மா, என்னன்னு சொல்லட்டும்னு கேட்டா. உள்ளதச் சொல்லு கண்ணுன்னேன்.