ரிப்பன் அண்ணன் திறந்துவைத்த கழிவறை

கண்டிப் பக்கம் இதுவரை அமைச்சர்மார் எல்லோரும் திறந்துவைத்ததை ஒரு பக்கமும், ரிப்பன் அண்ணன் தனியாளாகத் திறந்துவைத்ததை மறுபக்கமும் வைத்தால் அண்ணன்தான் ஜெயிப்பார். அமைச்சர்மார் பாதி கட்டியதைத்தான் திறப்பார்கள். அண்ணன் கட்டவே தொடங்காததையும் திறந்தவர்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் வத்தேகம பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய குடையைத் தலைகீழாக விரித்து வைத்து, அதற்குள் ரிப்பன், ஊசி, இலாஸ்டிக், கூந்தல் கிளிப் எல்லாம் பரப்பி விற்பார். மழை வந்தால் கடையைக் காப்பாற்றுவதா, தலையைக் காப்பாற்றுவதா என்பது அவருக்குத் தினசரிச் சிக்கல்.

நான் வத்தேகமவிலிருந்து கண்டிக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் இருந்த நேரத்தைவிட அந்த நிலையத்தில் நின்ற நேரம் அதிகம். புதுப்பிக்கப் போகிறோம் என்று ஒரு நாள் சுற்றிலும் தகரம் அடித்தார்கள். தகரத்தின் மேல் வரப்போகும் நிலையத்தின் படம். கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு சிரித்தபடி போகும் வெள்ளைக்காரப் பெண். படம் வரைந்தவர் கண்டிக்கு வந்ததே இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒருவர் கையிலும் குடை இல்லை.

தகரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் சேற்றில் நின்றோம். பஸ் நிற்கும் இடத்தை அடிக்கடி மாற்றினார்கள். எங்கே மாற்றினோம் என்று ஒரு பலகை வைப்பது மட்டும் திட்டத்தில் இல்லை போலும். வத்தேகம வரிசை என்று நம்பி நெடுநேரம் நின்று, கடைசியில் திகன பஸ்ஸைக் கண்டு நொந்தவர்கள் ஏராளம். நானும் நொந்திருக்கிறேன்.

அப்போதுதான் அண்ணன் தம் திறப்பு விழாக்களைத் தொடங்கினார். தார் பெயர்ந்து பஸ் திரும்பும் இடத்தில் பெரிய பள்ளம் விழுந்து, மழைத் தண்ணீர் நிரம்பியிருந்தது. அண்ணன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு கொண்டக்டரின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

"மதிப்புக்குரிய பிரயாணிகளே! கண்டிக்கு ஒரு வாவி போதாதுன்னு நம்ம கஷ்டத்தப் பாத்து ரெண்டாவது வாவி கட்டித் தந்திருக்காங்க. படகு சேவை வெகு சீக்கிரம்!"

அடுத்த வாரம் புதிதாகப் பொருத்திய குடிநீர்க் குழாய்க்குத் திறப்பு விழா. என்னைத்தான் திருகச் சொன்னார். புஸ் என்றது.

"காத்துதாண்ணே வருது."

"கண்டிக் காத்து, தங்கச்சி. இதுக்காகவே வெளிநாட்டுலருந்து வர்றாங்க. குடிங்க."

மஞ்சள் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் தகரத்துக்குள்ளிருந்து கோபமாக வந்தார். "யாரக் கேட்டு இதெல்லாம் செய்றீங்க?"

"நீங்க யாரக் கேட்டு சேர் எங்க கூரையக் கழட்டினீங்க?"

மஞ்சள் தொப்பி, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தக் கேலியெல்லாம் இருக்கட்டும். எங்கள் உயிரை வாங்கியது வேறு ஒன்று. அந்த நிலையத்தில் முழுதாகக் கட்டி முடித்தது பெண்கள் கழிவறை ஒன்றைத்தான். பழையதை முதல் நாளே இடித்துவிட்டார்கள். புதியது பளபளவென்று ஓடு பதித்து, பெரிய பூட்டோடு நின்றது. கேட்டால், திறந்துவைக்கப் பெரியவர் வர வேண்டும் என்றார்கள். பெரியவருக்கு நாள் கிடைத்தபோது சுப நேரம் சரியில்லை. சுப நேரம் கிடைத்தபோது பெரியவருக்குப் பதவி இல்லை. புதுப் பெரியவரின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று மறுபடி காத்திருந்தார்கள்.

நாங்கள் காலைத் தேநீரோடு வாயைக் கட்டினோம்; பிறகு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முடியாமல் போனால் எதிர்ச் சாப்பாட்டுக் கடை. ஒரு பணிஸ் வாங்கினால்தான் முதலாளி பின்பக்கம் விடுவார். அவசரத்துக்குத் தின்ற பணிஸிலேயே நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

ஒரு நாள் வரிசையில் ராசம்மா அக்கா அழுதுகொண்டு நின்றார். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர், சீனி வியாதிக்காரர். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருவார்.

"அடிக்கடி போக வேண்டி வருதும்மா. இன்னைக்கு வரிசையிலயே... சொல்லவே வெக்கமா இருக்கு. இனி கிளினிக்குக்கு வரமாட்டேன்."

"கால்ல புண்ணு இருக்கேக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

ரிப்பன் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேலி ஒன்றும் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த கிளினிக்குக்கு மட்டும் வாங்கக்கா. நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வாங்க."

அக்கா வந்தார், பட்டுச்சேலையில். கழிவறை வாசலில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேங்காய், வெற்றிலைக் கட்டு, பித்தளைத் தட்டில் கத்தரிக்கோல், கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். டைம்கீப்பர் ஒலிபெருக்கியில் பிரயாணிகளை அன்போடு அழைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அக்காவின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

காவலாளி ஓடி வந்தான். சொந்தப் பெண்சாதி கேட்டாலும் அந்தப் பூட்டைத் திறக்காதவன். ஆனால் எரியும் விளக்கையும் தட்டில் கத்தரிக்கோலையும் கண்ட பிறகு அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கும் ஆள் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அவன் பணிவாகக் கேட்டது ஒன்றுதான்.

"சுப நேரம் எப்ப, மஹத்தயா?"

"இப்பத்தான் தம்பி! முடியப்போகுது!"

காவலாளி சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, பூட்டைக் கைக்குட்டையால் துடைத்துத் திறந்தான். அக்கா ரிப்பனை வெட்டினார். அண்ணன் தொண்டையைச் செருமி, "மதிப்புக்குரிய..." என்று தொடங்கினார்.

"பேச்ச பொறகு பேசுங்க தம்பி!" என்று பிரதம விருந்தினர் மாலையோடு உள்ளே ஓடிவிட்டார். காவலாளி மூடிய கதவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். நாங்கள் கைதட்டினோம், உடனே வரிசையிலும் நின்றோம்.

மஞ்சள் தொப்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யார்டா திறந்தது?"

"பெரிய நோனாம்மா வந்து திறந்தாங்க சேர்," என்றான் காவலாளி.

"எந்த நோனா? எங்க அவங்க?"

"உள்ள இருக்காங்க சேர்."

கதவை நோக்கி இரண்டடி வைத்தவர், வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். அவருக்கு மறுபடியும் போன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவில் பூட்டுத் தொங்கவில்லை.

அண்ணனை மட்டும் பொலிஸில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து, சிவப்பு ரிப்பன் சுருளைச் சாட்சிப் பொருள் என்று பிடுங்கிக்கொண்டார்கள். சில மாதம் கழித்துப் புதுப் பெரியவரும் வந்தார். அவர் திறப்பதற்காகக் கழிவறையைக் காலையிலிருந்து மூடி வைத்தார்கள். அவர் பெண்களின் கண்ணியத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். நாங்கள் காலைப் பின்னிக்கொண்டு கேட்டோம். கல்லில் இப்போது அவர் பெயர்தான் இருக்கிறது.

நிலையம் இன்னும் முடியவில்லை. வேலைக்கு இடைஞ்சல் என்று அண்ணனை வெளியே தள்ளிவிட்டார்கள். வத்தேகம பஸ்ஸை எந்த மூலைக்கு மாற்றுகிறார்களோ, அந்த மூலைக்கு அவரும் குடையோடு போகிறார். பலகை இல்லாத ஊரில் எங்களுக்கு அவர்தான் அடையாளம்.

ராசம்மா அக்கா ஒரு கிளினிக்கைக்கூடத் தவறவிடுவதில்லை. கால் புண் ஆறிவிட்டது. வரும்போதெல்லாம் அண்ணனிடம் சிவப்பு ரிப்பன் வாங்குகிறார். தோட்டத்தில் அவருடைய ஆடுகளெல்லாம் கழுத்தில் ரிப்பனோடுதான் மேய்கின்றனவாம்.

எனக்கு ஆடும் இல்லை, சடை பின்னிவிட மகளும் இல்லை. இருந்தாலும் அவரிடம் ஒரு முழம் வாங்காமல் நான் பஸ் ஏறுவதில்லை.