இளவரசியின் பச்சை முகம்

"இளவரசி முகத்துல பச்சை போற வரைக்கும் இந்தத் தாடியை எடுக்கமாட்டேன்!" என்று சூளுரைத்தார் சபதம் சார். வாரத்துக்கு ஒரு சபதம் போடுவதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. வீட்டில் வெறும் 'ஏங்க'தான்.

பழைய சாகச விளையாட்டு ஒன்று புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடவில்லை. அதை ஓடவைக்க ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து அதை இயக்கும் நிரலான எஞ்சினைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நிறங்களுக்கு இவர் பொறுப்பு. விளையாட்டில் அருவியைத் தாண்டி அரண்மனைக்குள் நுழைந்ததும் இளவரசியின் முகம் மட்டும் பச்சையாகவும் நீலமாகவும் மாறி மாறி மின்னியது. அன்று மாலை வெளியீடு. மனிதர் விடுவதாக இல்லை. சாப்பாடு ஆறியது, நாற்காலி முனகியது, இவர் அசையவில்லை.

மனைவியும் மென்பொருள்காரிதான். ஆஸ்பத்திரி பில் போடும் நிரல் எழுதுகிறவள். துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அருவி எப்படிங்க ஓடுற மாதிரி தெரியுது?"

"தண்ணிக்குள்ள நிறங்களை வரிசையாச் சுத்தி விடுவோம்."

"அரண்மனைக்கு வந்ததும் அந்தச் சுத்தலை நிறுத்தினீங்களா?"

"அரண்மனையில ஏதும்மா அருவி?"

"அருவி போயிடுச்சு. சுத்துறது நின்னுச்சா? அதே நிற எண்களைத்தானே இப்ப முகமும் எடுத்துக்குது?"

"இது பில் இல்லை, கலை! நீ துணியை மடி."

அவள் மடித்துக்கொண்டு போனாள். தலை மறைந்ததும் இவர் அவசரமாகச் சுத்தலை நிறுத்தும் வரியைச் சேர்த்தார். இளவரசியின் முகம் தெளிந்தது!

"சரியாயிடுச்சு!" என்று கூவினார்.

"எப்படிங்க?" என்றாள் உள்ளிருந்து.

"நானா யோசிச்சேன். எல்லாம் மூளை!"

முகத்திலிருந்து போன பச்சை இப்போது பொய்யில் ஏறியிருந்தது.

"ஓ... சந்தோஷம்" என்றாள் அவள். பிறகு அடுத்த அறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

சபதம் சார் ஆற அமரச் சவரம் செய்தார். முகம் பளபளக்க வந்து உட்கார்ந்து, திருத்தத்தைக் குழுத் தலைவருக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"நன்றி. ஆனால் உங்கள் மனைவியின் திருத்தம் சற்று முன்பே வந்துவிட்டது. கச்சிதமாக இருக்கிறது. இனி நிறம் சம்பந்தமான எதையும் அவர் சரிபார்த்த பிறகே சேர்ப்போம். உங்களுடையதையும் அவருக்கே அனுப்பியிருக்கிறேன்."

அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, உங்க வரியால அருவியும் சேர்ந்து உறைஞ்சு நிக்குது. திருப்பி அனுப்பிட்டேன், பாருங்க."