மாடி ரயிலுக்கு நில ஆட்சேபணை

செஞ்சி,
ஞாயிறு காலை.

அன்பு மைத்துனர் சாந்திகுமார் அவர்களுக்கு, குணபாலன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா ஜெயமாலாவும் நலம். சென்னையில் உங்கள் வீட்டிலும் எல்லோரும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

என் பணி ஓய்வுக்கு நீங்கள் பரிசளித்த மாதிரி ரயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று எஞ்சின் ஒன்பதாயிரம் என்றீர்கள். அதே எஞ்சின் இன்று இருபத்திரண்டாயிரம். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்: நாங்கள் இருவரும் நிஜ ரயிலில், ஏசியில் படுத்துக்கொண்டு, வடக்கே நம் தீர்த்தங்கரர்கள் முக்தி பெற்ற சம்மேத சிகர்ஜி மலை வரை யாத்திரை போய்த் திரும்பினாலும் இந்த ஒரு சாண் எஞ்சினின் விலை ஆகாது. இந்த உதாரணத்தை உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. இருபது வருடமாக அவள் கேட்பது அந்த யாத்திரை ஒன்றுதான். அதற்கென எடுத்து வைத்த பணம்தான் இன்று தண்டவாளமாக மாடியில் கிடக்கிறது.

வாங்கிக் கட்டுப்படியாகாது என்றுதான் மலையையும் வயலையும் நானே அட்டையில் செய்யத் தொடங்கினேன். நம் ஊருக்கு ரயில் வரும் வரும் என்று நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து கேட்கிறேன். மேசை மேலாவது அதை ஓட்டிவிடுவோம் என்று பக்கத்துச் சிங்கவரம் போய் வயல்களை டேப் பிடித்து அளந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் ரயிலுக்கு என்று உண்மையைச் சொன்னேன். அதுதான் தவறு. மறுநாள், நாங்கள் பொழுது சாயுமுன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, பாவாடை என்ற விவசாயி ஆறு பேருடன் வந்து நிற்கிறார். மாடிக்கு அழைத்துப்போய், இது வெறும் விளையாட்டு என்று காட்டினேன். அவர் குனிந்து, கிணற்றை வைத்துத் தன் நிலத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா சார், என் கொல்லை நட்டநடுவுல போவுது. மல்லாட்ட போட்டிருக்கேன் சார்."

"ஐயா, இது அட்டை. உங்கள் கடலைக்கு ஒன்றும் ஆகாது."

"இப்ப அட்டைதான். நாளைக்கு ஆபீசர் வந்து, வாத்தியாரே இப்டித்தான் போட்டு வச்சிக்கிறாருன்னு சொன்னா நான் எங்க போவேன்? கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போடு சார்."

முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்றவன். எதிரே ஒரு முகம் வாடினால் எனக்கு மறுக்க வராது. தள்ளிப் போட்டேன். நேர்ப் பாதையை வளைத்தால் நீளம் கூடும் என்பது கணக்கு வாத்தியாரான எனக்கே வளைத்த பிறகுதான் உறைத்தது. வளைவுத் துண்டு ஒன்று எண்ணூறு ரூபாய். தள்ளிய பாதை ஆதிமூலத்தின் மாட்டுக் கொட்டகையில் ஏறியது. அவர் வந்தார், மறுபடி வளைத்தேன். டீக்கடை காமராஜ், "ஸ்டேஷன நம்ம கடைக்கு எதிர்ல வையி சார், ஒனக்கு டீ ப்ரீ" என்றார். அதற்கும் வளைத்தேன். வார்டு மெம்பர் வெண்மதி, ஆடு மாடு போய்வர அடியில் பாலம் கேட்டு மனுவே எழுதிக் கொடுத்தார். இப்படிச் சுற்றிச் சுற்றி, போன வாரம் பாதை மறுபக்கமாகப் பாவாடையின் கொல்லைக்கே வந்து சேர்ந்துவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. விலக்க இன்னும் பன்னிரண்டு வளைவுத் துண்டு வேண்டும்.

இனி என்னால் ஆகாது. எஞ்சினையும் பெட்டிகளையும் உங்கள் ரயில் நண்பர்கள் யாருக்காவது விற்று, அந்தப் பணத்தில் எங்கள் இருவருக்கும் சிகர்ஜிக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம். டிக்கெட்டை நான் கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுதர்சனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். அருகப் பெருமான் அருளால் உங்கள் வீட்டில் எந்தக் குறையும் அண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா குணபாலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். "எஞ்சின எதுக்கு விக்கிறீங்க? வர்ற பதினஞ்சாந்தேதி நான் கெளம்புறேன். தம்பி டிக்கெட் எடுத்துட்டான்" என்கிறாள். காசு அவளுடைய சுயஉதவிக் குழுச் சேமிப்பாம். ஒரே டிக்கெட்டாம். "நீங்க வந்தா பாதி வழியில எறங்கி தண்டவாளத்த அளப்பீங்க." என் டிக்கெட்டுக்கு ஆகும் காசில் வளைவுத் துண்டு வாங்கச் சொல்கிறாள், கொல்லையை விட்டுப் பாதையை விலக்குவதாகப் பாவாடையின் மனைவி ரத்தினம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். இவ்வளவும் தெரிந்த உங்களுக்குத்தான் நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆகவே எதையும் விற்க வேண்டாம். அக்காவை அழைத்துப்போக வரும்போது பன்னிரண்டு துண்டும் வாங்கி வாருங்கள். அவளுக்குக் கீழ்ப் படுக்கைதான் கிடைத்திருக்கிறதா என்று மட்டும் உடனே எழுதுங்கள்.