சூளைக்குப் போட்ட அப்டேட்

குடும்பத்தில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டால், அதன்பிறகு அந்தக் குடும்பத்துக் கம்ப்யூட்டர்கள் எதற்கும் நிம்மதி கிடையாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைக்கூட அவள் விடமாட்டாள். போகிற வீட்டில் கொடுக்கிற தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே "அப்டேட் போட்டீங்களா?" என்று கேட்பாள். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருத்தி நான்.

அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். கணினிப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் வந்ததிலிருந்து எனக்கு உலகமே ஓட்டையாகத் தெரிந்தது. அதைவிட, அந்த ஓட்டைகள் அடைபடும் விதம்தான் என்னை வாய் பிளக்க வைத்தது. எங்கோ கண்காணாத ஊரில் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். இன்னொருவர் உட்கார்ந்து அதற்கு அடைப்பு செய்கிறார். அந்த அடைப்பு கடல் தாண்டி, விருத்தாசலம் ஜங்ஷன் தாண்டி, வெள்ளை மண் படிந்த ஒரு மேசைக்குத் தானாக வந்து சேர்கிறது. யாரும் கூப்பிடாமல்! கோயிலில் ஃபாதர் இயேசு செய்த புதுமைகளைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். (அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பியிருப்பாள்.)

அந்த வெள்ளை மண் மேசை ஸ்டெல்லா அத்தையுடையது. அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா குவைத்தில் இருக்க, அத்தை இங்கே பீங்கான் பொம்மை செய்யும் சின்ன யூனிட் ஒன்றை நடத்திவந்தார். "பொம்பள சூளை வச்சி நடத்தறதா?" என்று உறவில் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள், மீதிப் பேர் கேட்காமலேயே சிரித்திருந்தார்கள். அந்த வருடம்தான் அத்தைக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. புதுச்சேரியில் கடை வைத்திருந்த லூர்து என்ற வியாபாரி கிறிஸ்துமஸ் குடில் செட் கேட்டிருந்தார். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ஞானிகள், ஆடு, மாடு, ஒட்டகம், குழந்தை இயேசு. சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனி வருடா வருடம் அந்த ஆர்டர் அத்தைக்குத்தான். கெட்டுப்போனால், சிரித்தவர்களுக்கு எல்லாம் கேக்கும் கொடுத்து அவர்கள் வாயால் புத்திமதியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சூளை கேஸில் எரிவது. எவ்வளவு சூடு ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். சூளையின் பக்கத்தில் இருக்கும் பெட்டி, சொன்னதைக் கேட்டுக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டருக்கு யூனிட்டில் தனி மரியாதை. அதற்கென்று ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தை பழைய பட்டுப் புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தார். திரையின் ஒரு மூலையில் அத்தையின் ஜெபமாலை தொங்கும். இன்னொரு மூலையில் சூளை பார்க்கும் ஏழுமலை அண்ணன் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம். இரண்டு தரப்பும் காவல் காக்க அது வருடக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது சூளை உச்சத்தைத் தாண்டும் நேரம். அத்தை பொம்மைகளை வைக்கோல் சுற்றிக் கட்டும் கொட்டகையில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, உறையை விலக்கிப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் சின்னதாக ஓர் அறிவிப்பு: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன. ஒன்றிரண்டல்ல. எத்தனையோ மாதமாக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகம் இவ்வளவு அக்கறையாக அனுப்பியிருக்கிறது, இவர்கள் புடவை போட்டு மூடி வைத்திருக்கிறார்களே!

போட்டேன். எல்லாவற்றையும் போட்டேன். அது மளமளவென்று இறங்கி முடித்துவிட்டு, "மீண்டும் தொடங்க வேண்டும். இப்போதா, பிறகா?" என்று கேட்டது. சூளையைத்தான் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்கிறதே, கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் கண் மூடினால் என்ன ஆகிவிடும்? (இப்படி நினைத்தவளுக்குத்தான் அந்த செமஸ்டர் டிஸ்டிங்ஷன்.) "இப்போது" என்று அழுத்தினேன்.

திரை கறுத்தது. பிறகு நீலமானது. நடுவில் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. "புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்க வேண்டாம்." கீழே ஒரு சதவீதம். அது மெதுவாக ஏறி, பாதியைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டது.

ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னா பாப்பா, கலரு மாறிக்கிது?"

"அப்டேட் ஆவுதுண்ணே. பாதுகாப்புக்கு."

"யாரு பாதுகாப்புக்கு?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. ஆனால் சொல்வதற்குள் அவர் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொட்டகையில் இருந்த பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வரிசையாக நின்று அந்தச் சுற்றும் புள்ளிகளைப் பார்த்தோம். திருப்பலியில்கூட அவ்வளவு அமைதி இருந்து நான் பார்த்ததில்லை.

"ஜெனி," என்றார் அத்தை மெதுவாக, "பெட்டியில இப்ப இருக்கிற சூடு மட்டுந்தாண்டி தெரியும். எவ்வளவு நேரமா நிக்குது, எப்ப எறங்கணும்னு இதுக்குத்தான் தெரியும். நான் கேஸ மூடிடட்டா?"

"வேணாம் அத்தை. இதோ வந்துடும்."

"மூடாம உட்டா வெந்து போயிடும்டி."

"இப்ப மூடினா வேகாம போயிடும் அத்தை! இதோ பாருங்க, ஒரு சதவீதம் ஏறிடிச்சு!"

உண்மையிலேயே ஏறியிருந்தது. பெண்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருவழியாக அது எழுந்து வந்தது. வணக்கம் சொன்னது. சூளை புரோகிராமைத் திறந்தேன். "சாதனம் கிடைக்கவில்லை" என்றது. அறைக்கு வெளியே, சுவரே கொதிக்கிற மாதிரி ஒரு சாதனம் நின்றுகொண்டிருக்கிறது, அது கிடைக்கவில்லையாம்.

அதன்பிறகு நான் செய்தவற்றைத்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை நடித்துக் காட்டுகிறார்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். ஊதிவிட்டுச் செருகினேன். போனில் தேடினேன். எவனோ ஒருவன் இதே பிரச்சினையை அச்சு அசலாக எழுதி, அடியில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று முடித்திருந்தான். எப்படிச் சரியானது என்று மட்டும் எழுதவில்லை. (அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவன் வீட்டு அப்டேட் மட்டும் பாதியில் நிற்கட்டும்.) புரோகிராம் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி.

"அப்டேட் போட்டீங்களா மேடம்?"

"ஆமா சார்."

"சூளை ஓடறப்பவா?"

"ஆமா சார்."

"யாருங்க மேடம் போடச் சொன்னது?"

நான் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டரையும் பெட்டியையும் இணைக்கும் அந்தக் கேபிளை இயக்குவது டிரைவர் என்கிற ஒரு பழைய, சின்ன மென்பொருள். அதற்கு முறையான கையொப்பம் கிடையாது. புதிதாக வந்த பாதுகாப்பு, கையொப்பம் இல்லாதவனை உள்ளே விடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டது. ஆகவே அந்தக் காவலை நிறுத்திவைத்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். அதாவது, எந்தப் பூட்டுக்காக ஓர் ஊரையே வெறுங்காலில் நிற்க வைத்தேனோ அதை என் கையாலேயே கழற்ற வேண்டும்.

மறுபடி கறுப்பு. மறுபடி நீலம். மறுபடி புள்ளிகள்.

"வா பாப்பா, அங்க என்னா ஆவுதுன்னாவது பாக்கலாம்" என்று ஏழுமலை அண்ணன் என்னைச் சூளையிடம் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சும்மா நிற்க முடியாமல்தான் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்து, பார்க்கும் துளையின் அடைப்பை உருவினார்.

அத்தனை வருடம் அந்த யூனிட்டுக்குப் போய் வந்தும் நான் சூளைக்குள் பார்த்ததே இல்லை. உள்ளே தீ எரியும் என்று நினைத்திருந்தேன். தீயே இல்லை. எல்லாமே வெளிச்சமாக இருந்தது. மாதாவும் ஒட்டகமும் ஞானிகளும் தட்டுத்தட்டாக, தங்கள் தங்கள் உடம்பிலிருந்தே ஒளி விட்டுக்கொண்டு, ஓரங்கள் எல்லாம் கரைந்து, அசையாமல் நின்றிருந்தார்கள். நிழல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. யார் மனிதர், யார் மிருகம், எது மண், எது சுவர் என்று பிரிக்க முடியவில்லை. சதவீதம், டிரைவர், கையொப்பம் எல்லாம் மறந்து போயின. அத்தை பின்னாலிருந்து "என்னாடி தெரியுது?" என்று கேட்டபோது "எல்லாரும் இருக்காங்க அத்தை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

சாயங்காலம் போலக் கம்ப்யூட்டரும் பெட்டியும் பேசிக்கொண்டன. இறங்க வேண்டிய சூளை, கடைசியாகச் சொன்ன சூட்டை ஒட்டியே மதியம் முழுக்க நின்றிருந்தது. நடுவில் சூடு எவ்வளவு ஏறி இறங்கியது என்று புரோகிராமில் ஒரு பதிவும் இல்லை; அந்தக் கலவரத்தில் பெட்டியைப் பார்த்து யாரும் குறித்துவைக்கவும் இல்லை. அத்தை என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போகும்போது "போயிட்டு வரேன் அத்தை" என்றேன். "கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் வராத" என்றார். அவ்வளவுதான்.

சூளை ஆறித் திறந்த அன்றைக்கு வியாபாரி லூர்துவும் வேனோடு வந்து நின்றார். பெரும்பாலான பொம்மைகளுக்கு வேக்காடு முடிந்த பிறகு லூர்துவின் கடையில்தான் வண்ணம் அடிப்பார்கள்; அதனால் மாதாவுக்கும் இடையர்களுக்கும் சேதமில்லை. ஒட்டகங்களுக்குத்தான் மெலிந்த கால்கள். அதிக நேரம் நின்ற சூட்டில் அவை மெல்ல மடிந்து, அத்தனை ஒட்டகமும் உட்கார்ந்திருந்தன.

லூர்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மண்டி போட்டுக்குது. பக்தியாத்தான் இருக்குது, பரவால்ல."

என் உயிர் பாதி திரும்பியது. பிறகு குழந்தைகள் இருந்த தட்டை எடுத்தார்கள். குழந்தை இயேசுவுக்கு மட்டும் பளபளப்பான வெள்ளைக் கிளேஸ் பூசிச் சுடுவது வழக்கம். அந்தக் கிளேஸ் முழுக்க, கன்னம், வயிறு, தொடை என்று ஓர் இடம் விடாமல், சின்னச் சின்ன வட்டங்கள் பூத்திருந்தன.

"என்னாக்கா இது!" என்று லூர்து அலறினார். "கொழந்தைக்கு அம்மை போட்டிருக்குது!"

யாராலும் இல்லையென்று சொல்ல முடியவில்லை. எல்லாக் குழந்தைக்கும் போட்டிருந்தது.

"கொழந்த இல்லாத குடில எவன்க்கா வாங்குவான்? ஆடு மாட்ட மட்டும் வாங்கினும் போயி வூட்ல கட்டுவாங்களா?" அவர் வேன் பக்கம் திரும்பினார். நான் சுவரோடு சுவராகப் போய்விட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை நகரவில்லை. "ஏங்க, உங்க வூட்ல குடிலு எப்ப கட்டுவீங்க?"

"அடுத்த வாரம்."

"கொழந்தைய எப்ப வைப்பீங்க?"

"அது கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிஞ்சிதான..."

"அதுவரைக்கும் கொழந்த படுக்கிற தொட்டி?"

"காலியாத்தான் இருக்கும்" என்று சொன்ன லூர்து, கதவில் வைத்த கையை எடுத்தார்.

"அப்புறம் என்னாங்க? செட்ட இப்ப விக்கலாம். கொழந்த, பொறக்கிற நேரத்துக்கு வந்து சேரும்னு சொல்லுங்க. பைபிள்லயே அப்படித்தான இருக்குது?"

வேனில் சரக்கு ஏறியது. அத்தை மறுபடி மண் பிசைந்து, குழந்தைகளை மட்டும் வார்த்து, மறுபடி சூளை ஏற்றினார். நான் தெருமுனையிலேயே நிறுத்தப்பட்டேன். அந்தப் புதுக் குழந்தைகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தண்டனை மட்டும் எனக்கு வந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெரிய பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கிய என்னைக் கண்டக்டர் அதட்டினார்.

"பையக் கீழ வைம்மா. என்னா இருக்குது அதுல?"

"குழந்தை இயேசுங்க."

"எத்தினி?"

"பை நெறைய."

நெற்றியில் திருநீறு பூசியிருந்த அந்த மனிதர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு முன் சீட்டில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு, "இப்படி உக்காரு, மடியில வச்சிக்க" என்றார்.

அம்மை போட்ட குழந்தைகள் விற்பனைக்கு ஆகாது என்று உறவுக்காரர்கள் வீடுகளுக்குப் போயின. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ராத்திரி பூசை முடிந்து வந்து, அத்தை அதைத் தொட்டியில் வைக்க, அப்பா குடிலின் சின்ன பல்பைப் போட்டார். அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து விரியும் ஊசி ஊசியான படிகங்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் குழந்தையின் உடம்பு முழுக்கப் பனி பூத்த மாதிரி மினுமினுத்தது. பனியை யார் கண்டது விருத்தாசலத்தில்? அம்மா முழங்கால் போட்டுவிட்டாள். நானும் போட்டேன்.

பனி பூத்த விஷயம் காதுக்கு எட்டி, அடுத்த வருடம் லூர்துவே கேட்டார்: "அக்கா, அந்த அம்மை போட்ட கொழந்த இன்னும் இருக்குதா?" இல்லை. செய்யவும் வரவில்லை. அதே மண், அதே கிளேஸ், அதே சூளை. எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நான் இப்போது சென்னையில் இதே பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன். எதையும் சரிசெய்யத் தெரிகிறது. அந்த அளவுக்குக் கெடுக்க மட்டும் வரமாட்டேன் என்கிறது.

ஆனால் அத்தை விடுவதாக இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும், சூளை உச்சத்துக்கு வரும் நாளில், நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது பார்த்துப் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டிருப்பார், பின்னால் கொட்டகையே சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது கேட்கும்.

"ஜெனி, கொழந்தைங்கள உள்ள வச்சிருக்கேன். நல்லாத்தான் வேவுது. நீ ஒரு எட்டு வந்து கெடுத்துட்டுப் போறியா?"